பங்கில்லாமல் இரண்டு மாதம்

1

ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். கடலில் இறங்கினால் எனக்கு வாந்தி வரும் என்கிற செய்தி, போன செவ்வாய்க்கிழமையிலிருந்து பிரெஞ்சு அரசாங்கத்தின் கோப்பில் இருக்கிறது. மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இத்தனை வருடம் சொல்லாமல் காப்பாற்றி வந்த விஷயம் அது. ஒரு மதாம் இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள்.

நடந்தது இதுதான். பாரிசுக்கு வடக்கே, ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஊரில் முப்பத்தைந்து வருடமாகத் தபால் பிரிக்கிறேன். இந்த வருடக் கடைசியில் ஓய்வு. அதற்காக ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. “தங்கள் பணி வரலாற்றில் 1957ஆம் ஆண்டின் இரண்டு மாதங்களுக்கு விளக்கம் தேவைப்படுகிறது. சம்பளச் சீட்டுகளுடன் நேரில் வரவும்.”

தப்பு என்னுடையதுதான். வேலைக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில், அனுபவம் என்கிற கட்டம் வெறிச்சென்று இருக்கிறதே என்று பந்தாவுக்காக ஒரு வரி சேர்த்திருந்தேன். “புதுச்சேரி, நொத்தேர் அலுவலகம், ஸ்தாழ், இரண்டு மாதம்.” நொத்தேர் என்றால் பத்திரமும் உயிலும் எழுதிப் பதிகிற அதிகாரி. ஸ்தாழ் என்றால் படிக்கிற பிள்ளை விடுமுறையில் போய் வேலை பழகுவது. அந்த ஒற்றை வரியை முப்பத்தைந்து வருடமாக யாரும் சீந்தவில்லை. இப்போது அதற்குச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள்.

என் மகள் மாலாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“சம்பளச் சீட்டு?” என்றாள் மதாம்.

“இல்லை. சம்பளமே இல்லை.”

“பள்ளிக்கூடம் கட்டாயப்படுத்தி அனுப்பியதா?”

“இல்லை. நானாகப் போனேன்.”

“வேறு வேலை கிடைக்கவில்லை, அப்படித்தானே?”

“கிடைத்தது. அதில் பங்கு உண்டு. முழுப் பங்கு.”

மதாம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “பங்கு தரும் வேலையை விட்டுவிட்டு ஒன்றும் தராத வேலைக்கு ஏன் போனீர்கள்?”

மாலா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்லேன் என்று அர்த்தம். நான் உண்மையைச் சொன்னேன்.

“கடலில் எனக்கு வாந்தி வரும், மதாம்.”

அவள் அதை “உடல்நலக் காரணங்கள் (வாந்தி)” என்று பதிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து, 1957ஆம் வருடத்து மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று கேட்டாள்.

காரில் திரும்பும்போது மாலா, “என்ன பங்கு, என்ன கடல், இதெல்லாம் எப்போது நடந்தது?” என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் என்னிடம் பிரெஞ்சில் பேசுவதும் நான் அவளிடம் தமிழில் பேசுவதும் எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் அணியம், கரைவலை, தெண்டம் என்று கடற்கரைச் சொற்கள் வந்தால் அந்த வழக்கம் தாங்காது. அவளுக்குத் தமிழ் படிக்கவும் வராது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் வருத்தம்தான்.

2

நான் புதுச்சேரிக் கடற்கரையில் குருசுக்குப்பத்துக்காரன். அப்பா என் மாமா கோவிந்தனின் கட்டுமரத்தில் அணியத்தில், அதாவது முன்பக்கம், துடுப்புப் போட்டவர். மரத்தில் நான்கு பேர். எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததால், அவர் இடத்துக்குக் கன்னியப்பன் என்கிறவரை மாமா தற்காலிகமாக ஏற்றிக்கொண்டார். அந்தத் தற்காலிகம் ஆறு வருடம் ஓடியது.

ஐம்பத்தேழு சித்திரையில் கன்னியப்பன் சொந்தமாக மரம் கட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை விடப்போகிற நேரம். கோவிந்தன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

“டேய் சிங்காரம், உங்கப்பன் எடம் காலியா கீது. லீவுக்கு வா. அரப் பங்கு இல்ல, முழுப் பங்கு தரேன். வர அமாவாசைக்குள்ள சொல்லிடு. இல்லன்னா வேற ஆள ஏத்திடுவேன். மூணு பேர வெச்சிக்கினு மரம் தள்ள முடியாது.”

எங்கள் குப்பத்தில் அமாவாசையன்று கடலுக்குப் போகமாட்டார்கள். மரத்தில் ஆள் மாற்றுவதும் சேர்ப்பதும் அன்றைக்குத்தான். ஒரு மரத்தில் இடம் இருக்கிறவனுக்குக் குப்பத்தில் ஒரு இருப்பு உண்டு. திருவிழாவுக்கு அவனிடம் வரி கேட்பார்கள், பஞ்சாயத்தில் அவன் பேச்சைக் கேட்பார்கள். இடம் ஒரு முறை கைமாறினால் திரும்பி வராது. என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்த இடம் ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால், அதற்கு முன் நான் மூன்று முறை கடலுக்குப் போயிருந்தேன். மூன்று முறையும் அலையைத் தாண்டியவுடன் வயிறு வாய்க்கு வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் குனிந்து, வலையைச் சரி செய்வதுபோல் பாவனை செய்து, காரியத்தை முடித்தேன். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? எவனாவது பெண் கொடுப்பானா?

அதே வாரத்தில்தான் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் வகுப்பில் கேட்டார். வெள்ளைக்காரத் தெருப் பக்கம் முசியே கஸ்பார் என்று ஒரு நொத்தேர். கையெழுத்து நன்றாக இருக்கும் மாணவன் ஒருவன் ஸ்தாழுக்கு வேண்டுமாம். இரண்டு மாதம், சம்பளம் கிடையாது. வகுப்பில் ஒருவனும் கை தூக்கவில்லை. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைவிட முக்கியம், நொத்தேர் அலுவலகம் ஆடாது. கை தூக்கினேன்.

3

முசியே கஸ்பார் வெள்ளைக்காரர் இல்லை. நம்மைப்போலக் கறுப்புதான். ஆனால் அந்தக் கோடையிலும் கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டிருப்பார். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு. என்னை உட்காரச் சொல்லி ஒரு பழைய கிரயப் பத்திரத்தைக் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னார்.

உட்கார்ந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குருசுக்குப்பத்தில் அப்போது மின்விளக்கே கோயிலுக்கு மட்டும்தான். சித்திரை வெயிலில் நடந்து வந்தவன்மேல் அந்தக் காற்று பட்டதும் உடம்பெல்லாம் ஒரு பணிவு வந்துவிட்டது. பத்திரத்தில் எல்லைகள் நான்கும், கிணறு ஒன்றும், புளியமரம் இரண்டும் இருந்தன. எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

“நல்லா எழுதற. சம்பளம் கிடையாது, தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும் முசியே.”

“அனுபவம் கெடைக்கும்.”

“அது எவ்வளவு முசியே?” என்று கேட்டுவிட்டேன். கேலியாகக் கேட்கவில்லை. எங்கள் குப்பத்தில் எது கிடைக்கும் என்று சொன்னாலும் அடுத்த கேள்வி எவ்வளவு என்பதுதான்.

அவர் நகலை வாங்கி மேசைக்குள் வைத்தார். “யோசிச்சு ரெண்டு நாள்ல சொல்லு,” என்றார். விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்து யோசிக்க அனுமதி கேட்கலாமா என்று இருந்தது. கேட்கவில்லை.

4

அன்று மதியம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் விற்கிறவள். விடிந்தால் கூடையோடு பெரிய மார்க்கெட்டில் இருப்பாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பங்கு எவ்ளோ?”

“பங்கு இல்லம்மா.”

“அரப் பங்காவது?”

“ஒண்ணும் இல்லம்மா. சும்மா போயி வேல செய்யணும்.”

அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாள் காலையில் மார்க்கெட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் யோசனை கேட்டிருக்கிறாள். ஒரே ஒருத்தியிடம்தான். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் முறையைச் சொல்ல வேண்டும். குப்பத்தில் பிடிபட்ட மீன் பங்காகத்தான் பிரியும். ஆளுக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. முதல் தடவை போகிறவனுக்கும் அரைப் பங்கு. கரையில் நின்று கயிற்றைத் தொட்டவனுக்கும் ஒரு கைப்பிடி மீன் உண்டு. பங்கே இல்லாமல் வேலை செய்கிறவன் ஒரே ஒருவன்தான். ஏதாவது தப்பு செய்து, பஞ்சாயத்தில் தெண்டம் விழுந்து, அதைக் கட்ட வழியில்லாதவன். அவன் பஞ்சாயத்து சொன்ன நாள்வரை கரைவலை இழுக்க வேண்டும், அவனுக்கு ஒரு நெத்திலிகூடக் கிடையாது. அந்தச் சில நாளும் அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டான்.

ஆகவே, சிங்காரவேலு ஒரு முசியேயிடம் இரண்டு மாதம் பங்கில்லாமல் வேலை செய்யப் போகிறான் என்றால் குப்பத்துக்கு ஒரே அர்த்தம்தான். பையன் அந்த வீட்டில் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டான். இரண்டு மாதம் என்றால் சின்னத் தப்பாக இருக்காது.

கண்ணாடி அலமாரியை உடைத்துவிட்டேன் என்றது கிழக்குத் தெரு. முத்திரைத்தாள் திருடினேன் என்றது மேற்குத் தெரு. நொத்தேருக்கு மகள் உண்டா என்று மற்றவர்கள் விசாரித்தார்கள். மகள் இல்லை என்று தெரிந்தவுடன் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டார் என்னைக் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார். நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். தேசிங்கு என்று பெயர், தொண்டை பெரிது, மனசும் பெரிது.

“தம்பி, மறைக்காம சொல்லு. இன்னா செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல நாட்டாரே.”

“ஒண்ணும் செய்யாதவனுக்கு எவனாவது ரெண்டு மாசம் போடுவானா?”

“நானாத்தான் போறேன்.”

“நானாப் போறேன்னு சொல்லச் சொன்னானா அவன்?”

“இல்ல நாட்டாரே. தொழில் கத்துக்கறதுக்கு.”

“தொழில் கத்துக்கறவனுக்கு அரப் பங்கு உண்டேடா!” என்றார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. வாந்தியைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் தீர்ந்திருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் கோவிந்தன் மாமா நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

நான் வாயை மூடியதைக் குப்பம் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் பாவம் பார்த்தார்கள். நம்ம பிள்ளையை நாம்தான் மீட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

5

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் முசியே கஸ்பார் முன்னால் நின்று, இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாக இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. நாட்டார், இரண்டு பஞ்சாயத்தார், கடைசியில் என் மாமா. எல்லோரும் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நாட்டார் கையில் ஒரு கொடுவா மீன், ஒரு கைக்குழந்தை அளவு.

முசியே கஸ்பார் பத்திரம் எழுத வந்தவர்கள் என்று நினைத்தார். “வாங்க, உக்காருங்க. கிரயமா, தானமா?”

நாட்டார் உட்காரவில்லை. கொடுவாயை இரண்டு கையாலும் ஏந்தி மேசைமேல் கிடத்தினார். அந்த மேசையில் யாரோ ஒரு பெரிய மனிதரின் உயில், காலையில்தான் எழுதி முடித்தது, மை காய்வதற்காக விரித்து வைக்கப்பட்டிருந்தது.

முசியே கஸ்பாருக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. ஐந்து நிமிடம் வந்துகொண்டே இருந்தது. புரியாவிட்டாலும் எங்கள் ஆட்கள் கைகட்டிப் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் நாட்டார் என்னைப் பார்த்து, “கோவம் நெறைய இருக்குது, பெரிய தப்புதான்,” என்றார் மெதுவாக. பிறகு அவரிடம் திரும்பினார்.

“ஐயா, பையன் செஞ்சது தப்புதான். தகப்பன் இல்லாத புள்ள. தெண்டத்த நாங்க கட்டிடறோம். பையன உட்டுடுங்க.”

“என்ன தப்பு?” என்றார் முசியே கஸ்பார்.

“அத நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான தப்புன்னு சொல்றீங்க?”

“தெரியாமலா ரெண்டு மாசம் போட்டீங்க?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீனைப் பார்த்தேன். அது யாரையும் பார்க்கவில்லை.

ஒருவழியாக நான் வாந்தியைத் தவிர எல்லாவற்றையும் விளக்கினேன். முசியே கஸ்பாருக்கு நொத்தேர் புத்தி உடனே வேலை செய்தது. இந்தப் பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று முத்திரை வைத்து எழுதித் தருகிறேன் என்றார். நாட்டார் அதற்கும் மசியவில்லை.

“தப்பு இல்லன்னா பங்கு குடுங்க. பங்கு இல்லன்னா தப்பு இன்னான்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு.”

“நாட்டாரே, இது எங்க தொழில் வழக்கம். ஸ்தாழியேருக்குச் சம்பளம் கிடையாது. நானே சின்ன வயசுல என் எஜமான்கிட்ட ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாமத்தான் இருந்தேன்!”

நாட்டார் ஒரு அடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, மெய்யான இரக்கத்தோடு கேட்டார்.

“ரெண்டு வருஷமா? ஐயோ பாவமே. நீங்க இன்னா தப்பு செஞ்சீங்க ஐயா?”

முசியே கஸ்பார் சிரிக்க ஆரம்பித்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கிட்ட மீன் வராதே நாட்டாரே, எதைப் பங்கு போடறது?” என்றார்.

“அப்ப அது இன்னா?” என்று நாட்டார் மூலையைக் காட்டினார்.

பத்திரம் எழுத வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. தவளக்குப்பத்துக்காரர் ஒருவர் கொடுத்த மாம்பழக் கூடை இருந்தது. மூலக்குளத்துப் பூசணி இருந்தது. காலைக் கட்டிப் போட்ட கோழி ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாட்டார் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பிடிபட்ட மீனைப் பிரிப்பதுபோலவே எல்லாவற்றையும் பங்கு பிரித்தார். முசியேவுக்கு இரண்டு பங்கு. தலைமைக் குமாஸ்தாவுக்கு ஒன்று. மரத்துக்கு இருப்பதுபோல மேசைக்கு ஒன்று. வலைக்கு இருப்பதுபோலத் தலைக்கு மேலே சுற்றுகிற காத்தாடிக்கு ஒன்று. சிங்காரவேலுவுக்கு அரை.

“காத்தாடிப் பங்கை யாரு எடுத்துக்கறது?” என்றார் முசியே கஸ்பார். அவருக்கே ருசி வந்துவிட்டது.

“வலைப் பங்கு வலைக்காரனுக்கு. காத்தாடிப் பங்கு காத்தாடிக்காரருக்கு.”

“அப்படின்னா நியாயம்தான்,” என்றார் அவர்.

குப்பத்தின் மானம் மீட்கப்பட்டது. கிளம்பும்போது நாட்டார் கொடுவாயையும் பங்கில் சேர்த்துப் பிரித்துவிட்டார், வால் பக்கம் எனக்கு வந்தது. இவ்வளவும் நடக்கும்போது கோவிந்தன் மாமா நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. செருப்பில்லாத காலோடு வெளியிலேயே நின்றார்.

“என்ன, வர்றியா இல்லியா?” என்று முசியே கஸ்பார் என்னைக் கேட்டார்.

நான் மாமாவைப் பார்த்துக்கொண்டே, “அமாவாசை அன்னிக்குச் சொல்றேன் முசியே,” என்றேன்.

6

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் தபால் பிரிக்கிற கூடத்துக்கும் கோடையில் பிள்ளைகள் ஸ்தாழுக்கு வருவார்கள். வருகிறவர்களுக்கு என் மதியச் சாப்பாட்டில் அரைப் பங்கு என்பது என் வழக்கம். போன வருடம் ஒரு பையன் வந்தான், மேற்குக் கடற்கரையில் பிரித்தாஞ் பக்கத்துக்காரன், செம்பட்டை முடி. கருவாட்டுக் குழம்பை முதல் நாள் பயந்து பயந்து நக்கினான். மூன்றாம் நாள் என் பங்கிலும் கை வைத்தான். கடைசியில் அவனே அதை மைக்ரோவேவில் சுடவைக்கப் போய், மூன்று மாடிக்கும் வாசனை ஏறி, “உணவு சூடாக்கும் கருவிகளின் பொறுப்பான பயன்பாடு” என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்கு பக்கம். அதில் கருவாடு என்கிற சொல் இல்லை, ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

சான்றிதழ் கேட்ட மதாமுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். கட்டுமரத்தில் மருத்துவர் இருக்கவில்லை என்று விளக்கியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

7

அமாவாசையன்று காலை மாமா கரையில் கட்டுமரத்தை ஒட்டி உட்கார்ந்து வலை கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டேன்.

“மாமா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“கடல்ல எனக்கு வாந்தி வருது.”

மாமா ஊசியை நிறுத்தவில்லை. “தெரியும்டா. மூணு வாட்டி எடுத்த. முத தடவ என் கால் மேல.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“உங்கப்பனும் எடுப்பான்,” என்றார். “அல தாண்டினா ஒரு வாட்டி, வல உட்டா ஒரு வாட்டி. பதினாலு வருசம், ஒரு நாள் தவறாம. வாயக் கழுவிக்கினு துடுப்ப எடுத்துக்குவான்.”

என் அப்பா குப்பத்தில் நல்ல கடலோடி என்று பெயர் எடுத்தவர். எனக்குக் கோபம் வந்தது. “அப்பறம் எதுக்குப் போனாரு? கரையிலயே இருந்திருக்கலாமே?”

“கரையில அவனுக்கு யாரு காத்தாடி மாட்டி வெச்சிருந்தாங்க?”

“தெரிஞ்சிக்கினே என்ன எதுக்குக் கூப்ட்ட மாமா?”

“எடம் உன்னுதுடா. உன்னக் கூப்புடாம வேற ஆள எப்பிடி ஏத்தறது?” வலையை உதறி அடுத்த கிழிசலைத் தேடினார். “நீ அங்கியே போ. அந்த முசியே நல்ல மனுசன், மீன் உயில் மேல இருந்தப்பகூட அடிக்கல. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடறேன். வாந்தி விசயம் உங்கம்மாவுக்குத் தெரியாது, சொல்லிடாத. உங்கப்பன் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்.”

வீட்டுக்கு வந்தேன். அம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“மாமா இன்னா சொன்னாரு?”

“போகச் சொல்லிட்டாரு.”

“உங்கப்பா வாந்தி எடுத்தத சொன்னாரா?”

“உனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“பதினாலு வருசம் அந்தாளு வேட்டியத் தொவைச்சவ நானு. எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நெனச்சிக்கினு இருந்தாங்க. இருந்துட்டுப் போட்டும்னு உட்டுட்டேன்,” என்றாள் அம்மா. செதிள் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, “போயி சட்டையத் தொவைச்சுப் போடு, நாளைக்கு வேலைக்குப் போணும்,” என்றாள்.

8

மறுநாள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கடற்கரை ஓரமாகவே அலுவலகத்துக்கு நடந்தேன். மாமாவின் மரம் அலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்பா இடத்தில் உட்காரப் போகிறவன் யார் என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனாலும் பார்த்தேன். மரத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அணியத்தில் ஆள் இல்லை.

புது ஆள் இன்னும் அமையவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் மூன்று பேர். இரண்டு மாத ஸ்தாழ் முடிந்தது. அதற்குள் பாதிப் பூசணி, எண்ணிலடங்காத மாம்பழம், ஒன்றுவிட்டு ஒரு நாள் அந்தக் கோழியின் முட்டை எல்லாம் என் அரைப் பங்கில் வீடு வந்து சேர்ந்தன. படிப்பு முடிந்ததும் முசியே கஸ்பார் என்னைக் குமாஸ்தாவாகவே எடுத்துக்கொண்டார். மூன்று பேரால் மரம் தள்ள முடியாது என்று சொன்ன மாமா மூன்று பேரோடு தள்ளிக்கொண்டே இருந்தார். ஐந்து வருடம். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அறுபத்திரண்டில், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. நூறு பேருக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பேன். கடைசியில் ஒரு நாள் எனக்கும் எழுதினேன். அதே முத்து முத்தான கையெழுத்து. பிரான்சுக்குப் போக வேண்டுமென்றால் கப்பலில், அதுவும் வாரக்கணக்கில், போக வேண்டும் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது. அந்தப் பயணத்தைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

கையெழுத்துப் போட்ட அன்று மாலை கரைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். “மாமா, எழுதிக் குடுத்துட்டேன். பிரான்சுக்குப் போறேன்.”

“திரும்பி வருவியா?”

“தெரியல மாமா.”

மாமா “சரி,” என்றார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும்போது மாமாவின் மரம் அலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதில் நான்கு பேர் இருந்தார்கள். அணியத்தில் யாரோ ஒரு புதுப் பையன், என்னைவிட இளையவன். மரம் கண்ணுக்கு மறைகிறவரைக்கும் நின்று பார்த்தேன். நன்றாகத் துடுப்புப் போட்டான். அவன் வாந்தி எடுக்கவே இல்லை.